பொய்க்காரத் தராசு

பட்டறை,
சனிக்கிழமை, மதிய இடைவேளை.

அன்புக்குரிய என் வீட்டுக்காரிக்கு,

நானும் வாலுவும் நலமாக இருக்கிறோம். நீயும், ஆஸ்பத்திரியில் நீ பார்த்துக்கொள்ளும் வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் சின்னஞ்சிறுசுகளும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்குக் கிடைத்தது. ஒரு பக்கம்தான் என்றாலும் நான்கு தடவை படித்தேன்.

நீ கேட்டவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாய் சரியாகிவிட்டது. பிளம்பர் மூன்று நாள் இதோ வருகிறேன் என்று சொல்லி நான்காம் நாள் வந்தார். வாலுவின் இருமல் நின்றுவிட்டது. அவளுக்குச் செருப்பு பத்தாம் நம்பர் வாங்கி அனுப்பு, ஒன்பது இறுக்குகிறது. என் முழங்கால் எப்போதும் போலத்தான், படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது. மேல்வீட்டு அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இனி உன் கடைசி வரிக்கு வருகிறேன். விளையாட்டுக்கூடத்திலிருந்து வாலுவை எடுத்து, உன் அண்ணன் மகன் படிக்கும் பெரிய பள்ளியில் இந்த மாதத்துக்குள் சேர்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். நான் தள்ளிப்போடவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே, போன மாதமே, படிவம் வாங்கிவிட்டேன். பிறந்த தேதி, ரத்த வகை, அப்பா தொழில், அம்மா தொழில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம். நான் இன்னும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். பணி முடிந்து காலை நீட்டி உட்கார்ந்த பிறகு படி.

உன் அண்ணன் உனக்கு எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அவர் மகன் நூறு வரை எழுதுகிறான். எழுத்து மணிமணியாக இருக்கிறது, போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது நானே பார்த்தேன். அன்றைக்கு நம் வாலுவிடமும் அவர் ஒரு பென்சிலைக் கொடுத்து, பெயர் எழுது மருமகளே என்றார். அவள் அதைக் காதில் செருகிக்கொண்டு, தச்சர் மாதிரி இருக்கேனா மாமா என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் எனக்கும் பயம்தான். அம்மா தூரத்தில் இருக்கிறாள், அப்பா பிள்ளையை விளையாட விட்டுக் கெடுத்துவிட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாதே. மறுநாள்தான் போய்ப் படிவம் வாங்கினேன்.

அவளை விளையாட்டுக்கூடத்தில் சேர்த்ததற்கு என்னிடம் பெரிய கொள்கை எதுவும் இருக்கவில்லை என்பது உனக்கே தெரியும். பட்டறைக்கு அடுத்த தெரு, மாலை ஆறு வரை பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். முன்பு நாற்காலி மேசை அடுக்கிவைத்த கிடங்கு அது. இப்போது அங்கே பிள்ளைகளுக்கு நாற்காலியே கிடையாது. தரையில் பாய், இடுப்பு உயர அலமாரிகள், மூலையில் மணல் தொட்டி, ஜன்னலோரம் தண்ணீர்த் தொட்டி. பத்தொன்பது பிள்ளைகள், ஒரு டீச்சர். டீச்சர் கழுத்தில் ஒரு பென்சில் கயிற்றில் தொங்கும். பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். அவர் பாடம் எடுத்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்கிறார்களோ அதன் பின்னால் போவார்.

மூன்று மாதத்துக்கு முன் பெற்றோர் எல்லோரையும் அழைத்து, வேலையில் பயன்படும் ஒரு பொருளை ஆளுக்கொன்று தரச் சொன்னார். தையல்காரர் ஒரு டப்பா நிறையக் கோட்டுப் பொத்தான்கள் கொடுத்தார். பஸ் டிரைவர் பழைய ஸ்டியரிங் வளையம் கொடுத்தார். நான் தராசு ரிப்பேர் செய்கிறவன், வேறு என்ன கொடுப்பேன்? பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு தட்டுத் தராசை எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, தாங்குகட்டையில் மாட்டிக் கொடுத்தேன். வெறும் தட்டில் முள் நேராக நின்றது. அதற்கு மேல் நான் சோதிக்கவில்லை. சோதித்திருக்க வேண்டும். தட்டுகள் தொங்கும் குறுக்குத் தண்டு எப்போதோ கீழே விழுந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்திருந்தது. தண்டின் ஒரு கை மற்றதைவிட மயிரிழை நீளம். அப்படிப்பட்ட தராசு வெறுமனே நிற்கும்போது யோக்கியமாகத் தெரியும், பாரம் ஏறினால் ஒரு பக்கம் சாயும். தொழிலிலேயே மோசமான கோளாறு அது.

இதைப் பிள்ளைகள் கண்டுபிடித்தது சண்டையில். எது கனம் என்பதுதான் விளையாட்டு. கல்லா, கரண்டியா? ஈரப் பஞ்சா, போல்ட்டா? கிட்டத்தட்ட ஒரே கனமுள்ள இரண்டு பொருள் என்றால், இடது தட்டில் வைத்தவர்களே ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே நாளில் எல்லோரும் இடது தட்டுக்கு முண்டியடித்தார்கள். டிரைவர் மகன் நம் வாலுவைத் தள்ளிவிட, அவள் அவன் கையைக் கடித்து வைத்தாள். (இதை நான் உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.) டீச்சர் இருவரையும் பிரித்து உட்காரவைத்து, திட்டாமல், ஏன் எல்லாருக்கும் அந்தப் பக்கமே வேண்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டாராம். அன்று முழுக்க அதே தட்டில் அதையும் இதையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள்தான் தையல்காரர் மகள் சொன்னாள், அது பொய் சொல்கிறது என்று. அன்றிலிருந்து தராசுக்குப் பெயர் பொய்க்காரன்.

பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு தடவை நிறுத்தால் தீர்ப்புக் கிடையாது. பொருள்கள் இடம் மாற வேண்டும். இரண்டு பக்கத்திலும் ஒரே பொருள் சாய்ந்தால் அதுதான் நிஜமாகவே கனம். இடது பக்கம் வைத்தபோது மட்டும் ஜெயித்தால் அது பொய்க்காரன் வேலை, இரண்டும் சமம். “இடம் மாத்து” என்று ஒருவர் கத்திக்கொண்டே மாற்ற வேண்டும், மற்ற எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கத்தும் வேலைக்கு வரிசை வைத்துக்கொண்டார்கள்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாலு என் கையைப் பிடித்து நடந்து வரும்போது, அப்பா கொடுத்த தராசு நல்லாப் பொய் சொல்லுது என்று பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஊரில் உள்ள தராசுகளை எல்லாம் நேராக்குகிறவன், என் சொந்த மகள் படிக்கும் இடத்தில் கோணல் தராசு வைத்திருக்கிறேன். மறுநாள் சாவி வாங்கிப் போய்க் கழற்றிக் கொண்டுவந்து, தண்டை நிமிர்த்தி, அரம் போட்டு, எடைக்கல் வைத்து ஐந்து முறை சோதித்து, திங்கள் காலை முதல் ஆளாகப் போய் மாட்டிவிட்டேன். பாராட்டு வரும் என்றுகூட எதிர்பார்த்தேன்.

சாயங்காலம் அவளை அழைத்துவரப் போனால், டிரைவர் மகன் மூலையில் அழுதுகொண்டிருக்கிறான். அன்று கத்துவது அவன் முறையாம். இடம் மாத்து என்று கத்தினான், மாற்றினான், எதுவும் மாறவில்லை. விளையாட்டே செத்துப்போய்விட்டது. வாலு என் கையைப் பிடிக்காமல் நாலடி தள்ளி நடந்தாள். வீட்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

“அப்பா, நீ எங்க பொய்க்காரனைக் கெடுத்துட்ட.”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன்னைப் போலத்தான், பேசாமல் இருந்தே ஆளைக் கொல்கிறாள். மூன்றாம் நாள் நானே டீச்சரிடம் போய், பிள்ளைகளுக்குச் சரியான தராசுதானே நல்லது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து மூன்று வாரமாகப் பிள்ளைகள் பேசியதைப் படித்துக் காட்டினார். பிள்ளைகளின் சண்டை பற்றி மேலே நான் எழுதியதெல்லாம் அந்த நோட்டிலிருந்து தெரிந்துகொண்டதுதான். பிறகு சொன்னார்: “சார், அவங்க கையில ஒரு கேள்வி இருந்துச்சு. நீங்க அதைத் தூக்கிட்டுப் போயிட்டு, பதிலைக் கொண்டுவந்து வெச்சுட்டீங்க.”

இதைக் கேட்டு என்ன செய்வாய்? அன்று மாலையே தராசை மறுபடி கழற்றினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, உட்கார்ந்து, அளந்து, ஒரு நல்ல தராசைப் பொய் சொல்ல வைத்தேன். கை கூசியது. அடிக்கட்டையில் பெயிண்டால் “வியாபாரத்துக்கு அல்ல” என்று எழுதிவிட்டேன், யாராவது எடை அதிகாரி பார்த்தால் என்னைத்தான் பிடிப்பார்கள். ஆனால் அங்கேயும் ஒரு தப்புச் செய்தேன். முன்பு எந்தக் கை நீளம் என்று குறித்து வைக்கவில்லை. எங்கள் தொழிலில் கோளாறைக் குறித்து வைக்கும் பழக்கம் இல்லை, சரிசெய்ததும் மறந்துவிடுவோம். வாலுவிடம் கேட்டேன். இடது என்றாள். இடது கையை நீட்டி வைத்தேன். நான் எப்போதும் கடைக்காரர் நிற்கும் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன். பிள்ளைகள் நிற்பது வாங்குகிறவர் பக்கம். என் இடது அவர்களுக்கு வலது.

பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். பொய்க்காரன் பக்கம் மாறிவிட்டான் என்று அறையே கூத்தாடியிருக்கிறது. அதிலிருந்து வந்ததுதான் முக்கியமான விஷயம். ஒரு தடவை மாறியவன் இன்னொரு தடவையும் மாறலாம் அல்லவா? அதனால் தினமும் காலையில் விளையாட்டுத் தொடங்குவதற்கு முன், ஒரே அளவு மரக்கட்டை இரண்டை வைத்து, இன்றைக்கு எந்தப் பக்கம் பொய் என்று சோதிக்க முடிவு செய்தார்கள். சோதித்ததை மறந்துபோகாமல் இருக்கச் சுவரில் குறிக்க வேண்டும். குறிக்க எழுத்து வேண்டும். நான்கு பேர் போய் டீச்சரிடம், இடதுக்கு என்ன எழுத்து, வலதுக்கு என்ன எழுத்து என்று கேட்டிருக்கிறார்கள். டீச்சர் அப்போதுதான் கழுத்துப் பென்சிலைக் கழற்றிக் கொடுத்தாராம். நம் வாலு வாழ்க்கையில் முதலில் எழுதிய எழுத்து “வ”. சுழி திரும்பித்தான் இருக்கிறது. காதில் செருகிய பென்சில் கைக்கு வந்தது, போதாதா?

தராசை நம்பாதே, பொருளை இரண்டு பக்கமும் மாற்றி நிறு என்பதை நான் படித்தது தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடத்தில். முதலாளி விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். விதி என்று மனப்பாடம் செய்தேன். இவளுக்கு இன்னும் ஐந்து முடியவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனாலும் அப்போதும் நான் முழுதாக மாறவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். படிவம் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. போன புதன்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் நாள். உன் அண்ணனும் வருவதாகச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் அவரும் நானும் போய்ப் பெரிய பள்ளியில் இடத்தைப் பிடித்து வைப்பது, உன் கையெழுத்துக்குப் படிவத்தை அனுப்புவது என்று பேச்சு.

உன் அண்ணன் இரும்புக்கடையிலிருந்து நேராக வந்தார், கையில் இரண்டு ஆணிப் பொட்டலம். இரண்டும் அவர் கடையில் எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துக் கட்டிய அரைக்கிலோ. ஒன்றில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். பாயில் உட்கார முடியாமல் உட்கார்ந்து, “மருமகளே, ரெண்டுல எது கனம்? கரெக்டா சொல்லு, பார்ப்போம்” என்றார். என் காதருகே, ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள, என்ன உளறுறாங்கன்னு பாருங்க என்றார். டீச்சர் நோட்டைத் திறந்தார்.

சுவரில் அன்றைய குறி “வ”. கோடு போட்ட பொட்டலத்தை வலது தட்டில் வைத்தார்கள். வலது சாய்ந்தது. உன் அண்ணன் புன்னகைத்தார். ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. அன்று கத்தும் முறை நம் வாலுவுக்கு. “இடம் மாத்து” என்றாள். மற்றப் பதினெட்டுப் பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். பொட்டலங்களை அவளே இடம் மாற்றினாள். இப்போது இடது சாய்ந்தது. மறுபடியும் கோடு போட்ட பொட்டலம்தான்.

கோடு போட்டதுதான் கனம் என்றாள் வாலு. உன் அண்ணன் தலையை ஆட்டி, இரண்டும் மிஷினில் நிறுத்தது, கிராம் பிசகாது, இது விளையாட்டுத் தராசு, இதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன படிக்கும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் நானும் அவர் பக்கம்தான். என் கையால் கெடுத்த தராசு அது, அதை நான் எப்படி நம்புவேன்? வாலு என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அவர் அருகே போய், விஷயம் தெரியாத ஒருவருக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

“மாமா, பொய்க்காரன் எப்பவும் ஒரே பக்கம்தான் சாய்வான். இப்போ ரெண்டு பக்கமும் சாஞ்சது உங்க கோடு போட்ட பொட்டலம். அப்போ பொய் இவன் சொல்லலை.”

அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன். உன் அண்ணனும் கூடவே வந்தார். வழி முழுக்க, பார்க்கத்தானே போறோம் மாப்ள என்று சொல்லிக்கொண்டே வந்தார். அரசு முத்திரை போட்ட என் தராசில் வைத்தேன். கோடு போட்டது ஐந்நூறு கிராம். மற்றது நானூற்று எழுபத்து நான்கு. பொய்க்காரனின் பொய் மிகச் சிறியது. இருபத்தாறு கிராம் அதைவிடப் பெரியது. அதனால்தான் இரண்டு பக்கமும் தெரிந்துவிட்டது.

உன் அண்ணன் குனிந்து அந்த முள்ளைப் பார்த்தார். பிறகு இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போது, கடைத் தராசைத் துணியில் சுற்றிக் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு நிற்கிறார். தட்டின் ஓரத்து மடிப்பில் ஐந்து ஆணி சிக்கியிருந்தது. காலையில் ஒரு தடவை பூஜ்யம் பார்ப்பார், அதோடு சரி. அதற்குப் பிறகு விழுந்த ஆணிகள். அதன் பின் கட்டிய ஒவ்வொரு பொட்டலமும் அந்த ஐந்து ஆணி குறைவு. தெரிந்து செய்தவர் இல்லை அவர், அது உனக்குத் தெரியும். முகம் வாடிப்போயிருந்தது. அந்தச் சரக்கை எல்லாம் பிரித்து மறுபடி நிறுக்கப் போவதாகச் சொன்னார். பெரிய பள்ளிப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, “மாப்ள, என் சின்னவளுக்கு அங்க இடம் இருக்குமா, கேட்டுச் சொல்லுங்க” என்றார். தங்கச்சிக்கு நானே எழுதறேன் என்றும் சொன்னார். இதை மட்டும் அவர் எழுத மாட்டார் என்பது நம் இருவருக்கும் தெரியும். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

நீ ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தக் குழந்தைகளைத் தராசில் கிடத்துகிறாய், ஒவ்வொரு முறையும் பூஜ்யம் பார்க்கிறாய் என்று எனக்கு எழுதியிருக்கிறாய். இந்தக் கதை வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் உனக்குப் புரியும்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். முடிவை நான் தனியாக எடுக்க மாட்டேன். அவள் இங்கேயே இருப்பதற்கு உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பு, நானும் போட்டு, மறுபேச்சில்லாமல் சேர்த்துவிடுகிறேன். அங்கேயும் நல்லவர்கள் இருப்பார்கள். ஆனால் அதற்கு முன் கூடவே வைத்திருக்கும் இன்னொரு தாளைப் பார். பத்து நாள் குறி, வ, வ, வ என்று அவளே எழுதியது. சில எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நிற்கும், நீதான் அவற்றை நேராகப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வியாழக்கிழமை அவள் என் அனுமதியோடு உன் கடிதங்களை எல்லாம் பட்டறைக்குக் கொண்டுவந்து, சின்னத் தராசில் கூடத்திலிருந்து வாங்கிவந்த பொத்தான்கள் வைத்து நிறுத்தாள். ஒவ்வொன்றையும் இடம் மாற்றி நிறுத்தாள். நீ போன புதிதில் எழுதியது ஒன்பது பொத்தான். அப்புறம் ஏழு. கடைசியாக வந்தது மூன்று. ஏம்ப்பா குறையுது என்று கேட்டாள். அம்மாவுக்கு வேலை அதிகம் என்றேன். சரி என்று தலையாட்டினாள். ஆனால் உன் கடைசிக் கடிதத்தை எடுத்துத் தட்டில் மறுபடியும் ஒரு தடவை வைத்துப் பார்த்தாள்.

அதனால் ஒரு வேண்டுகோள். பள்ளி வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் படிவத்தைக் கிழித்துப் போடாதே. நல்ல தடித்த தாள், பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் அவளுக்கு எழுதி அனுப்பு. என்ன வேண்டுமானாலும் எழுது. தாளே இரண்டு பொத்தான் வரும்.

வேளைக்குச் சாப்பிடு. உன் கைக்கு வரும் ஒவ்வொரு குழந்தையும் நாளுக்கு நாள் எடை கூடட்டும். நீயும் கூடு.

என்றும் உன்,
வாலுவின் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இந்தக் கடிதத்தையும் நிறுத்தாயிற்று. பதினான்கு பொத்தான். இடம் மாற்றியும் பார்த்தாயிற்று. நம் வீட்டு எடை அதிகாரி, தான் முதலில் எழுதிய எழுத்தாலேயே கீழே குறி போட்டிருக்கிறார்.

வ